ஒரே தேதியில் இரண்டு இரவு

முப்பத்தி நாலாம் நம்பர்தான் உள்ளே போயிருக்கிறது. என்னுடையது முப்பத்தி எட்டு. உங்களுடையது? நாற்பத்தொன்றா? அப்படியென்றால் உட்காருங்கண்ணா. நின்றுகொண்டிருந்தால் ஒன்றும் சீக்கிரம் கூப்பிட்டுவிட மாட்டார்கள். காய்ச்சல் பிரிவென்றால் நாக்கை நீட்டு, சீட்டை வாங்கு, போ என்று வரிசை ஓடும். இங்கே அது நடக்காது. இந்த டாக்டரம்மா பேச வைப்பார். பேசவில்லையென்றால் பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கு ஊசியே பரவாயில்லை.

அந்தச் சீட்டைக் கொஞ்சம் காட்டுங்க. பயப்படாதீங்க, நான் பெரிய படிப்பெல்லாம் படித்தவன் இல்லை, எட்டாவதுதான். ஆனால் மருந்துச் சீட்டு படிப்பேன். ம். ஒன்று காலை, ஒன்று இரவு. 'இரவு ஒன்று.' பார்த்தீர்களா, எனக்கும் இதையேதான் எழுதினார்கள். என்ன வேலை பார்க்கிறீர்கள் நீங்கள்? வாட்ச்மேனா? பகலா, ராத்திரியா?

ராத்திரியா. அப்படியென்றால் உங்களிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும். உங்களுக்கு இரவு எது? டாக்டரம்மாவிடம் கேட்டீர்களா? கேட்க மாட்டீர்கள், யாரும் கேட்பதில்லை. எழுதுகிறவர்களுக்கு இரவென்றால் ஒன்பது மணி, சாப்பிட்டுவிட்டுப் படுக்கிற நேரம். உங்களுக்கு அது டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்புகிற நேரம். உள்ளே போனதும் முதல் வேலையாக அதைக் கேட்டுவிடுங்க. கேட்காமல் நான் பட்ட பாடு போதும். நாலு மாசமாக இந்த பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து இந்தச் சுவரில் எத்தனை ஆணி இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம்.

நான் மில்லில் சைடருங்க. ஸ்பின்னிங்கில். ஓடுகிற மெஷினில் நூல் அறுந்தால் ஒட்டுகிறவன். மெஷினுக்கு இந்தப் பக்கம் நடந்து, அந்தப் பக்கம் திரும்பி, எட்டு மணி நேரமும் நடை. இருபத்தி மூன்று வருஷம். எங்களுக்குப் பகல், அரை நைட்டு, முழு நைட்டு என்று மூன்று ஷிப்ட். முழு நைட்டென்றால் ராத்திரி பன்னிரண்டுக்கு உள்ளே போய்க் காலை எட்டுக்கு வெளியே வருவது. வாரத்துக்கு ஒன்றாக மாறும். எங்கள் டிபார்ட்மென்டுக்கு லீவு செவ்வாய்க்கிழமை, ஷிப்ட் மாறுவதும் அன்றைக்குத்தான்.

இப்போது கவனமாகக் கேளுங்க, இதுதான் விஷயம். முழு நைட்டு முடித்துச் செவ்வாய் காலை எட்டுக்கு வெளியே வருகிறேன். வீட்டுக்குப் போய்ப் படுக்கிறேன். அது எனக்கு ஓர் இரவு. அடுத்த வாரம் பகல் ஷிப்ட், புதன் காலையில் போக வேண்டும். அதனால் செவ்வாய் ராத்திரியும் எல்லோரையும் போலப் படுக்கிறேன். அது இன்னோர் இரவு. ஒரே தேதியில் எனக்கு இரண்டு இரவு. 'இரவு ஒன்று' என்று எழுதினால் நான் எந்த இரவுக்கு அந்த ஒன்றைச் சாப்பிடுவது? இரண்டுக்கும் சாப்பிட்டேன். அதிகமாகிவிட்டது. வலிப்பு வந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. இதை எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன் தெரியுமா? சொல்லிச் சொல்லி எனக்கே வாய் வலிக்கிறது. ஒருத்தருக்கும் விளங்குவதில்லை.

எதற்காக மாத்திரை என்கிறீர்களா? என்னவென்று சொல்வது. வலி என்றால் இடத்தைத் தொட்டுக் காட்டலாம். ஐப்பசியிலிருந்தே சோறு ருசிக்கவில்லை. தூக்கம் போய்விட்டது. அறுந்த நூல் கண்ணெதிரே ஆடிக்கொண்டிருக்கும், கை போகாது. யாரோ என்மேல் நனைந்த பஞ்சு மூட்டையை ஏற்றி வைத்த மாதிரி. மில் டிஸ்பென்சரியில் சொன்னேன், இங்கே அனுப்பினார்கள். மனச்சோர்வு என்று பெயர் வைத்து மாத்திரை கொடுத்தார்கள். மாசத்துக்கு மொத்தமாக.

நான் சும்மா விழுங்குகிற ஆள் இல்லை. பெட்டிக்குள் ஒரு காகிதம் மடித்து வைத்திருப்பார்கள் பாருங்க, சிகரெட் தாள் மாதிரி, எறும்பு எழுத்தில், எல்லோரும் முதலில் தூக்கிப் போடுவது. அதை எடுத்து வைத்துக்கொண்டேன். நூலகத்தில் அகராதி வாங்கி, டீ நேரத்தில், நூல் சுற்றுகிற பாபின் கட்டைகளைப் போடும் பெட்டிமேல் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தைக்கும் மேலே பென்சிலில் தமிழ் எழுதினேன். முழுசும் முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. நாக்கு வறளும், மலம் கட்டும், கை நடுங்கும் என்று வரிசையாக வந்து கடைசியில் ஒரு வரி. அளவுக்கு மேல் போனால் வலிப்பே இல்லாதவனுக்கும் வலிப்பு வரலாம், உயிருக்கும் ஆபத்து. அந்த வரிக்கு நானே அடிக்கோடு போட்டேன். சென்னிமலைகூடக் கிண்டல் செய்தான். பக்கத்து மெஷின்காரன். "என்னடா திருமூர்த்தி, பரிச்சையா எழுதப் போற"ன்னு கேட்டான். அது மாசி மாசம். இது நடந்தது பங்குனியில்.

அன்றைக்குச் செவ்வாய். காலையில் எட்டரைக்கு வீட்டுக்கு வந்தேன். மில் லைன் வீடுதான் எங்களுக்கு, ஒரே சுவரில் பன்னிரண்டு கதவு. துளசிமணி, என் சம்சாரம், கார்மென்ட்ஸுக்குப் போய்விட்டாள். எட்டு மணி பஸ்ஸில் போனால் சாயந்திரம் ஆறரைக்குத்தான் திரும்புவாள். மகள் ஓசூரில் வேலையில் இருக்கிறாள். வீட்டில் நான் மட்டும்.

மனசு சரியில்லாதவன் என்கிறார்களே என்னை, அன்றைக்கு நான் என்னவெல்லாம் செய்தேன் என்று கேளுங்க. யூனிபாரம் இரண்டையும் துவைத்துக் கொடியில் போட்டேன். சைக்கிளுக்கு எண்ணெய் விட்டேன். அகராதியை முந்தின நாளே நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன், தவணைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் காஸ் நம்பர், கரண்ட் ஆபீஸ் நம்பர், மகளுடைய ஆபீஸ் நம்பர் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக எழுதி மாட்டினேன். துளசிமணிக்குச் சின்ன எழுத்துத் தெரியாது. ரோலரில் சுற்றிக்கொள்கிற பஞ்சை வெட்டுவதற்கு நான் ஒரு கொக்கிக் கத்தி வைத்திருந்தேன். நல்ல பிடி. சென்னிமலை இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். ஷிப்ட் முடிந்து வரும்போது, வைத்துக்கொள்ளடா என்று கொடுத்துவிட்டு வந்தேன். நடக்கும்போது காலே தெரியவில்லை, அவ்வளவு லேசு. மனசு அப்படி லேசாக இருந்து ஐந்தாறு மாசம் ஆகியிருந்தது. நீங்களே சொல்லுங்க, இவ்வளவு ஒழுங்காக ஒரு நாளை நடத்துகிறவனைப் பார்த்துச் சந்தேகப்படலாமா?

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? முப்பத்தி ஐந்து கூப்பிடுகிறார்கள், நம்முடையது இல்லை.

அப்புறம் மாத்திரை. அப்புறம் படுத்தேன். எல்லாம் அந்த ஜெனரேட்டரால் வந்த வினை. கார்மென்ட்ஸில் கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்து, எல்லோரையும் பாதியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவள் பன்னிரண்டரை பஸ்ஸைப் பிடித்து ஒரு மணிக்கு வந்து கதவைத் திறக்கிறாள். நான் பாயில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு கிடக்கிறேனாம். எனக்கு ஒன்றும் தெரியாது. பல்லில் நாக்கு மாட்டி ரத்தம். இவள் போட்ட சத்தத்தில் பன்னிரண்டு கதவும் திறந்துவிட்டது. அவள் எப்போதும் போல ஆறரைக்கு வந்திருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. வலிப்பு வந்த வழியே போயிருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது. இன்றைக்கு எனக்கு இந்தக் கெட்ட பெயரும் இல்லை, இந்த பெஞ்சும் இல்லை.

சரி, விடுங்க.

பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியக்கா ஓடி வந்தது. "இரும்பு குடு புள்ள, இரும்பு குடு" என்று கத்தியதாம். துளசிமணி இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை உருவி என் கையில் திணித்தார்கள். கொத்தில் இருப்பது வீட்டுச் சாவி, பீரோச் சாவி, சைக்கிள் சாவி, இன்னும் எதற்கென்றே தெரியாத இரண்டு. அதைப் பிடித்தவன் ஆம்புலன்ஸிலும் விடவில்லை, இங்கே கொண்டுவந்த பிறகும் விடவில்லை. இரண்டு நர்ஸ் சேர்ந்து விரலைப் பிரித்தார்களாம். பாருங்க, உள்ளங்கையில் இந்தத் தழும்பு, பீரோச் சாவியின் பல். டாக்டரம்மாவுக்கு அதில் ஒரே கோபம். இரும்பெல்லாம் ஒன்றும் செய்யாது, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் கையில் எதையும் வைக்கக் கூடாது, உடனே வண்டியைக் கூப்பிட வேண்டும் என்று துளசிமணியை நிற்க வைத்துச் சொன்னார். அவள் தலையைத் தலையை ஆட்டினாள். வெளியே வந்ததும் பாப்பாத்தியக்கா, "இரும்பு குடுத்ததுனாலதான் நின்னுது, டாக்டருக்கென்ன தெரியும்" என்றது.

மூன்றாம் நாள்தான் எனக்கு நினைவு வந்தது. ஆஸ்பத்திரி போலீஸ்காரர் ஒருத்தர் நோட்டோடு வந்தார். தெரியாமல் சாப்பிட்டதா, தெரிந்து சாப்பிட்டதா என்றார். நான் ஷிப்ட் கணக்கைச் சொன்னேன், இரண்டு இரவைச் சொன்னேன். "மில்லுக்காரங்க கணக்கெல்லாம் எனக்கு வெளங்காதுய்யா, கையெழுத்தப் போடு" என்றார். போட்டேன். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். தலையெல்லாம் வயர் ஒட்டிக் கோடு கோடாக ஒரு படம் எடுத்தார்கள். எல்லாம் சுத்தம். வலிப்பு நோய் கிடையாது, மாத்திரை அதிகமானதால் வந்தது, மாத்திரை இறங்கியதும் போயிற்று என்று டாக்டரம்மாவே வாயால் சொன்னார். அந்த மாத்திரையையும் நிறுத்திவிட்டு வேறு கொடுத்திருக்கிறார்.

ஆனால் லைன் வீட்டில் யார் கேட்கிறார்கள்? எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், ஃபிட்ஸ்காரர். டீக்கடைக்காரன் கிளாஸைக் கொடுத்துவிட்டு நான் குடித்து முடிக்கும் வரைக்கும் எதிரிலேயே நிற்கிறான், விழுந்தால் கிளாஸ் உடைந்துவிடுமாம். தண்ணித் தொட்டிப் பக்கம் போனால், "அண்ணா, அங்க எதுக்கு, நாங்க மொண்டு தர்றோம்" என்கிறார்கள். என் சைக்கிளைப் பாப்பாத்தியக்கா மகன் ஓட்டிக்கொண்டு திரிகிறான். நான் எண்ணெய் விட்ட சைக்கிள். எல்லாவற்றையும்விடச் சென்னிமலை. பேண்ட் பாக்கெட்டில் ஒரு ஸ்பேனர் வைத்துக்கொண்டு வருகிறான். எதுக்கடா என்றேன். "இல்லடா, திடீர்னு இழுத்துச்சுன்னா இரும்பு தேட முடியாதல்ல" என்றான். கேலிக்குச் சொன்னால்கூடப் பரவாயில்லை. அவன் நிஜமாகவே அக்கறையாக வைத்திருக்கிறான். அதுதான் தாங்கவில்லை. அந்தக் கத்தியைத் திருப்பிக் கொடுக்க வந்தான். வேண்டாம், உன்னிடமே இருக்கட்டும் என்றேன். "எனக்கு வேண்டாம்டா" என்று என் டிபன் பையில் போட்டுவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கு ஏன் முகத்தை அப்படி வைத்துக்கொண்டான் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது என்னை எங்கே போட்டிருக்கிறார்கள் தெரியுமா? காலி பாபின் பொறுக்குகிற இடத்தில். மஞ்சள் பாபின் மஞ்சள் பெட்டிக்கு, பச்சை பச்சைக்கு. உட்கார்ந்த இடம், பகல் வேலை. இருபத்தி மூன்று வருஷம் நடந்த காலுங்க இது. ஸ்பின்னிங் மாஸ்டரிடம் போய் நின்றேன். அந்தக் காகிதத்தையும் கொண்டுபோனேன், பென்சில் எழுத்தோடு.

"ஃபிட்ஸ் ஆள எப்படிங் திருமூர்த்தி மெசின்ல உடறது? ஓடற பெல்ட்டுல கை போச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார்.

"இது ஃபிட்ஸ் இல்லீங்க மாஸ்டர். மாத்திரைனால வந்ததுங்க."

"எங்கம்மா தெனம் எட்டு மாத்திரை திங்குது. அதுக்கு வரலியே."

"அளவுக்கு மேல போனாத்தானுங்க வரும். இதுல போட்டிருக்குது பாருங்க."

வாங்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அடிக்கோட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அளவுக்கு மேல எப்படிங் போச்சு?"

நான் ஷிப்ட் கணக்கைச் சொன்னேன். கேட்டுவிட்டு மனுஷன் காகிதத்தை மடித்து என் சட்டைப் பையில் அவரே வைத்தார். "ஃபிட்ஸா இருந்தா மெசின் கெடையாது. ஃபிட்ஸ் இல்லீனா வேற ஒண்ணு. அந்த வேற ஒண்ணா இருந்தா, அதுக்கும் மெசின் கெடையாது. டாக்டர்கிட்ட ஒரு வரி வாங்கிட்டு வாங்க, மெசின்ல நிக்கலாம்னு. அடுத்த செவ்வாக்கெழமையே உங்க சைடுல நிறுத்தறேன்" என்றார்.

ஒரு வரி. அந்த ஒரு வரிக்குத்தான் நாலு மாசமாக அலைகிறேன். இன்றைக்கும் வாங்காமல் போனால் அந்த சைடை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள், ஆள் பார்த்தாகிவிட்டது, சென்னிமலைதான் சொன்னான். டாக்டரம்மா என்ன சொல்கிறார் தெரியுமா? "வலிப்பு நோய் இல்லைன்னு இப்பவே எழுதித் தர்றேன் திருமூர்த்தி. ஆனா ஓடற மெஷின்ல நிக்கலாம்னு எழுதணும்னா, அந்த மாத்திரை எப்படி உள்ள போச்சுன்னு நீங்க எனக்குச் சொல்லணும். போலீஸுக்காகக் கேக்கலை. சர்ட்டிபிகேட்ல போடவும் மாட்டேன்." நான் ஷிப்ட் கணக்கைச் சொல்வேன். பேனாவை மூடிவிடுவார். பார்த்துக்கொண்டே இருப்பார். நானும் ஆணியை எண்ணிக்கொண்டே இருப்பேன். "சரி, அடுத்த மாசம் பாப்போம்" என்பார். நாலு தடவை இதேதான். எப்படிப் போனால் இவருக்கு என்ன? வாய் வழியாகத்தான் போயிற்று.

வீட்டில் அதற்கு மேல். துளசிமணி கார்மென்ட்ஸை விட்டுவிட்டாள். வீட்டிலேயே உட்கார்ந்து பனியனுக்குப் பிசிர் வெட்டுகிறாள், மூட்டை மூட்டையாக. மாத்திரையைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறாள். அதே கொத்து. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, அவள் கையால்தான். வாயைத் திறங்க என்பாள். திறப்பேன். விழுங்கியதும் நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஐம்பது வயசு ஆளுங்க நான். ராத்திரியில் கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுக்கிறாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்தால் எழுகிறாள், திரும்பிப் படுத்தால் கண்ணைத் திறக்கிறாள். பல நாள் நான்தான் அவளைத் தூங்கச் சொல்வது. பீரோவுக்குள் அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலி மாத்திரை அட்டைகளையும் வைத்திருக்கிறாள். நான் ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கி வைத்திருந்தேன், எனக்கு எதுவும் இறைந்து கிடந்தால் பிடிக்காது. அதை அப்படியே வைத்திருக்கிறாள். குப்பையை எதற்கு வைத்திருக்கிறாய் என்று ஒரு தடவை கேட்டேன். பீரோவைப் பூட்டிவிட்டுப் பிசிர் வெட்ட உட்கார்ந்துவிட்டாள்.

அதுதாங்க எனக்கு ஆற்றாமை. திட்டலாம் அல்லவா? பாப்பாத்தியக்கா அதன் வீட்டுக்காரனை ரோட்டில் வைத்துத் திட்டுகிறது, மறுநாள் இரண்டு பேரும் ஒன்றாகச் சந்தைக்குப் போகிறார்கள். இவள் நாலு மாசத்தில் ஒரு வார்த்தை, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. போலீஸ்காரர் கேட்டார், மாஸ்டர் கேட்டார், டாக்டரம்மா கேட்டார். இவளுக்கும் சேர்த்துத்தான் நான் அந்த ஷிப்ட் கணக்கை எல்லோரிடமும் சத்தமாகச் சொல்கிறேன், காதில் விழட்டுமென்று. கேட்டுக்கொண்டு பிசிர் வெட்டுவாள். நம்பினாளா இல்லையா, அதுகூடத் தெரிய மாட்டேன் என்கிறது. இங்கேயும் உள்ளே கூட்டிப்போக மாட்டேன் நான், வெளியிலேயே இரு என்பேன். இருப்பாள். அதோ, குழாயில் பாட்டிலுக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறாள்.

என்னங்கண்ணா? கேளுங்க, தயங்காதீங்க. நானே இவ்வளவு பேசிவிட்டேன்.

என்ன?

திரும்பச் சொல்லுங்க.

ஆமாம். மதியம் ஒரு மணிக்குத்தான் அவள் வந்தாள். ஆமாம், அதற்கு முன்னாலேயே வலிப்பு வந்துவிட்டது. காலையில் எட்டரைக்கு வந்து படுத்தது முதல் இரவு. சரிதான். இரண்டாவது இரவு... ராத்திரி ஒன்பதுக்கு மேல்.

ஒரு மணிக்கு அது வந்திருக்காது.

ம்.

முப்பத்தி ஆறு போகிறது.

இல்லை, கோபமெல்லாம் இல்லை. நீங்கள் ராத்திரி வேலை பார்க்கிறவர். அதனால் தெரிந்துவிட்டது உங்களுக்கு. போலீஸ்காரருக்குத் தெரியவில்லை. மாஸ்டர் இரண்டு மணிக்குத் தூங்கி எழுந்து வருகிற ஆள் இல்லை, அவருக்கு எல்லா இரவும் ஒன்றுதான். டாக்டரம்மாவுக்கும் ஷிப்ட் தெரியாது, அவர் என் முகத்தைத்தான் பார்க்கிறார், கணக்கைப் பார்க்கவில்லை. நாலு மாசம் இந்தக் கணக்கைச் சொன்னேன், ஒருத்தர் மணியைக் கேட்கவில்லை. நீங்கள் உட்கார்ந்து அரை மணி நேரம் ஆகவில்லை.

நீங்கள் மட்டும்தானா.

துளசிமணிக்கு என் ஷிப்ட் என்னைவிட நன்றாகத் தெரியுமுங்க. இருபத்தி இரண்டு வருஷம் அவள்தான் எழுப்பி விடுகிறாள். பகல் ஷிப்டென்றால் ஆறரைக்கு எழுப்பிச் சோறு, முழு நைட்டென்றால் பதினொன்றுக்கு எழுப்பி டீ. செவ்வாய்க்கிழமை காலையில் படுத்தவன் இரண்டு மணிக்கு எழுந்து குளித்து, சாயந்திரம் கடைவீதிக்குப் போய், ராத்திரி ஒன்பதரைக்குப் படுப்பான் என்று அவளுக்குத் தெரியும். காலண்டரில் ஷிப்டுக்குக் கலர் கலராகப் பொட்டு வைக்கிறவளே அவள்தான். நான் கணக்குச் சொன்ன முதல் நாளே, அந்தப் போலீஸ்காரர் முன்னாலேயே... கட்டில் ஓரத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து கொடுத்தவள் அவள்தான்.

அவள் கேட்காதது கேட்கத் தெரியாமல் இல்லை.

அந்தக் காலண்டர் அட்டையை நான் திருப்பி எழுதினேன் இல்லையா, நம்பரெல்லாம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போனபோது அது பொட்டு வைத்த பக்கமாகத் திரும்பித் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வாரத்துக்கும் வைத்திருந்தாள். பகல் ஷிப்டுக்கு மஞ்சள். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே வைத்திருக்கிறாள்.

எத்தனை என்று கேட்காதீங்க. இரண்டு இல்லை. அதுவரைக்கும் சொல்கிறேன். இரண்டு இல்லைங்கண்ணா. இரவு தெரியாமலும் இல்லை.

ஏன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் கணக்காகச் சொன்னேன். கணக்கென்றால் முதலும் முடிவும் இருக்கிறது. இது அப்படி இல்லை. உள்ளே போய் எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுகூடத் தெரியாது. ஐப்பசியிலிருந்து சோறு ருசிக்கவில்லை என்று ஆரம்பிக்கலாமா? அந்த நனைந்த மூட்டையைச் சொல்லலாம். அன்றைக்கு லேசாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அந்த ஒரு வரியை எழுத மாட்டார். எழுத மாட்டார் அல்லவா? நானாக இருந்தாலும் எழுத மாட்டேன். லேசாக இருக்கிற ஆளை முழு நைட்டுக்கு அனுப்ப மாட்டேன். பாபின் பொறுக்க வேண்டியதுதான். இன்னும் எத்தனை நாளோ.

முப்பத்தி ஏழு வரவில்லையா? முப்பத்தி எட்டா? வருகிறேங்க நர்ஸம்மா, இதோ.

அண்ணா, ஓர் உதவி. அதோ, குழாயடியில், ஊதாச் சேலை. பாட்டிலை மூடிக்கொண்டிருக்கிறாள் பாருங்க, அவள்தான். கொஞ்சம் போய்க் கூப்பிடுங்க. நான் கூப்பிட்டால் என்னமோ ஆகிவிட்டதென்று பயந்துவிடுவாள், என் குரல் இப்போது சரியாக இல்லை. உள்ளே வரச் சொன்னார் என்று மட்டும் சொல்லுங்க. டாக்டரா என்று கேட்பாள். இல்லை, திருமூர்த்தி என்று சொல்லுங்க.

இருங்க நர்ஸம்மா, கதவைச் சாத்தாதீங்க. இன்னோர் ஆள் வர வேண்டியிருக்கிறது.